உழவருக்கு ஏற்ற வங்கியும் கணக்கும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஒரு நெல் இரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நாம் எத்தனையோ கேள்விகளைக் கேட்கிறோம். மண் களியா, மணற்சாரியா? தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? பட்டம் குறுவையா, சம்பாவா? இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே விதை வாங்குகிறோம். ஆனால் அந்த நெல்லை விற்ற பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கைப் பற்றி மட்டும் யாரும் இவ்வளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரில் முகாம் போட்டார்கள், கைநாட்டு வைத்தோம்; பக்கத்து வீட்டுக்காரர் அந்த வங்கியில் இருக்கிறார், நாமும் சேர்ந்தோம் என்ற அளவில் விட்டுவிடுகிறோம். இதனால் வரும் இழப்பு புகையான் தாக்குதல் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அதுவும் இழப்புதான்.

நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு குறுவை அறுவடை முடிந்ததும், காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த ஓர் உழவர் தமது சன்ன இரக நெல் 60 குவிண்டாலை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டார். அந்தப் பருவத்தில் சன்ன இரகத்திற்கு, மாநில அரசின் ஊக்கத் தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆக அவருக்கு வர வேண்டியது 1,52,700 ரூபாய். பல ஆண்டுகளுக்கு முன் ஊர் முகாமில் தொடங்கிய கணக்கின் பாஸ் புத்தகத்தைத்தான் அவர் கொள்முதல் நிலையத்தில் கொடுத்திருந்தார். அது 'சிறு கணக்கு' என்னும் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக் கணக்கில் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஓராண்டில் மொத்தம் 1 இலட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வரக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. பணம் சிக்கிக் கொண்டது. ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்து, கணக்கை முழுமையான கணக்காக மாற்றிப் பணத்தை எடுக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அவர் நகரத்தில் உள்ள இன்னொரு வங்கியில் உழவர் கடன் அட்டையின் பேரில் 1 இலட்சம் ரூபாய் பயிர்க்கடன் எடுத்திருந்தார். சம்பா நெல் விற்ற பணம் மகளின் படிப்பிற்குச் செலவாகிவிட்டதால், குறுவைப் பணத்தைக் கொண்டு அந்தக் கடனைக் கட்டிவிடலாம் என்று இருந்தார். பணம் கைக்கு வந்தபோது கெடு தாண்டி ஆறு நாளாகி இருந்தது. கெடுவுக்குள் கட்டியவர்களுக்குக் கிடைக்கும் 3 சத வட்டிச் சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டுக்கு 1 இலட்சத்திற்கு 3 சதம் என்றால் 3,000 ரூபாய். ஏறத்தாழ ஒரு குவிண்டாலுக்கு மேற்பட்ட நெல்லின் விலை!

இதில் வங்கியின் மேலும் குற்றம் இல்லை. உழவர் மேலும் குற்றம் இல்லை. வந்த பணத்திற்கும் கணக்கின் வகைக்கும் பொருத்தம் இல்லை. அவ்வளவுதான். ஆகவே, எந்தப் பணம் எப்போது வரும், எதற்குப் போகும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதற்குப் பொருந்திய வங்கியையும் கணக்கையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

உழவர் வருமானத்தின் தன்மை

மாதச் சம்பளம் வாங்குவோருக்கு மாதந்தோறும் ஒரே அளவான பணம் வருகிறது. நமக்கு அப்படி அல்ல. நமக்கு வரும் பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரசு தரும் உதவித் தொகைகள். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வருகிறது. குடும்பத் தலைவியருக்கு மகளிர் உரிமைத் தொகை, முதியோருக்கு ஓய்வூதியம், ஊரக வேலைத் திட்டக் கூலி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை சிறு தொகைகள். ஆனால் அடிக்கடி வருபவை.

இரண்டாவது, விளைபொருள் விற்ற பணம். இது பெருந்தொகை. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இது போலவே திடீரென்று வரும்.

மூன்றாவது, பயிர்க்கடன். இது நம் பணம் அன்று. குறித்த நாளில் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம்.

இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கலந்தாலும் குழப்பம். ஐந்தாறு வங்கிகளில் சிதற விட்டாலும் குழப்பம். சிறு, குறு உழவர் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் போதும். ஒன்று, வரவு எல்லாம் வந்து சேரும் சேமிப்புக் கணக்கு. மற்றொன்று, பயிர்க்கடன் கணக்கு. முடிந்த வரையில் இவை இரண்டும் ஒரே வங்கியில் இருப்பது நலம். அப்படி இருந்தால், நெல் பணம் வந்த அன்றே கடனுக்குச் செலுத்திவிடலாம். 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது வங்கிக் கணக்கிற்கும் பொருந்தும்.

எந்த வங்கி?

1904ஆம் ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகே வணிக வங்கிகள் சிற்றூர்களை நாடி வந்தன. 1975ஆம் ஆண்டு கிராம வங்கிகள் தோன்றின. தமிழ்நாட்டில் இருந்த பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் இரண்டும் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. இன்று நமக்கு நான்கு வழிகள் உள்ளன.

1. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும், அதன் மேலமைப்பான மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியும்: சங்கத்தில் உறுப்பினராக இருந்து, பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது, அந்த வட்டியை அரசே ஏற்கிறது. கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும், ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும். ரொக்கப் பகுதி மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் உள்ள நம் கணக்கில் வரவு வைக்கப்படும்.

2. பொதுத்துறை வங்கிகளும் கிராம வங்கியும்: பயிர்க்கடனோடு கறவை மாடு, கிணறு, டிராக்டர் போன்றவற்றிற்கான நீண்ட காலக் கடனும் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் அளவு போதாதவர்கள் இவற்றை நாடலாம். ஆனால் ஒரே நிலத்தின் பேரில் இரண்டு இடங்களில் பயிர்க்கடன் வாங்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

3. தனியார் வங்கிகள்: சேவை விரைவாக இருக்கலாம். ஆனால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு பல வங்கிகளில் கூடுதலாக உள்ளது. கணக்குத் தொடங்கும் முன் இதைக் கேட்டறிவது அவசியம்.

4. அஞ்சலகச் சேமிப்பு வங்கியும், 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இந்திய அஞ்சல் கட்டண வங்கியும்: அஞ்சல்காரர் வீட்டு வாசலுக்கே வந்து பணம் தருவார். வெளியில் செல்ல இயலாத முதியோருக்கு இது பெரிய உதவி. ஆனால் கட்டண வங்கி கடன் கொடுக்க முடியாது. நாளின் முடிவில் 2 இலட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பும் வைக்க முடியாது. உதவித் தொகைக்கு இது ஏற்றது. நெல் பணத்திற்கும் பயிர்க்கடனுக்கும் ஏற்றதன்று.

வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு செய்திகளைப் பாருங்கள். ஒன்று, தொலைவு. போய் வர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் ஆகும் என்றால், அரை சதம் கூடுதல் வட்டியால் பயன் இல்லை. இரண்டு, அந்தக் கிளை நம் ஊருக்குப் பயிர்க்கடன் கொடுக்கிறதா என்பது. மூன்று, கட்டணங்கள். குறைந்தபட்ச இருப்பு, ஏ.டி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டிலும், கனரா வங்கி, இந்தியன் வங்கி உள்ளிட்ட சில பொதுத்துறை வங்கிகள் 2025ஆம் ஆண்டிலும் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்கான அபராதத்தை நீக்கின. ஆனால் எல்லா வங்கிகளும் அப்படி அல்ல. நான்கு, போட்ட பணத்திற்குப் பாதுகாப்பு. இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

போட்ட பணத்திற்குப் பாதுகாப்பு

வங்கி ஒன்று நொடித்துப் போனால் நாம் போட்ட பணம் என்ன ஆகும்? இதற்காகவே வைப்புத்தொகைக் காப்பீடு 1962ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு இருந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் முதல் இது 5 இலட்சம் ரூபாய். வணிக வங்கி, கிராம வங்கி, மாநில, மாவட்ட, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றில் போட்ட பணத்திற்கு இக்காப்பீடு உண்டு. இதற்கான பிரிமியத்தை வங்கியே கட்டுகிறது. நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டாலும் சேர்த்தே கணக்கிடப்படும். ஒரு கிளையில் 4 இலட்சமும் இன்னொரு கிளையில் 2 இலட்சமும் ஒருவர் பெயரில் இருந்தால், காப்பீடு 6 இலட்சத்திற்கு அல்ல, 5 இலட்சத்திற்குத்தான். வேறு வேறு வங்கிகளில் போட்டால் தனித்தனியே 5 இலட்சம் வரை உண்டு. அடுத்து, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணம் இந்தக் காப்பீட்டில் சேராது. ஆகவே பயிர்க்கடனுக்குச் சங்கத்தை நாடுங்கள். நிலம் விற்ற பணம், மகள் திருமணத்திற்குச் சேர்த்த பணம் போன்ற பெருந்தொகையைக் காப்பீடு உள்ள வங்கியில் வையுங்கள்.

கரூரில் 1926ஆம் ஆண்டு தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியின் நிலை 2020ஆம் ஆண்டு தளர்ந்தபோது, நவம்பர் 17ஆம் நாள் முதல் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்து நாட்களில் அவ்வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டு, கட்டுப்பாடும் நீங்கியது. போட்டவர்களின் பணம் பறிபோகவில்லை. எனினும், அந்தப் பத்து நாட்களில் நாற்று நடவுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே கையிருப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமல், அவசரச் செலவிற்கான சிறு தொகையை வீட்டில் மற்றொருவர் பெயரில் வேறு வங்கியில் வைத்திருப்பது முன்யோசனை ஆகும்.

'வங்கி' என்று பலகை மாட்டியவை எல்லாம் வங்கி ஆகா. 2022ஆம் ஆண்டு நவம்பரில், உழவர் பெயரைச் சொல்லிச் சென்னையிலும் வேறு பல மாவட்டங்களிலும் கிளைகள் திறந்த ஒரு போலிக் கூட்டுறவு வங்கியைக் காவல் துறையினர் பிடித்தனர். அதிக வட்டி தருகிறோம் என்று யாராவது வந்தால், ரிசர்வ் வங்கியின் உரிமம் உண்டா, வைப்புத்தொகைக் காப்பீடு உண்டா என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஐயம் இருந்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

எந்தக் கணக்கு?

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு: இதில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதே இல்லை. மாதத்திற்குக் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்கு இந்த வகையைச் சேர்ந்தது. அதனுடன் தரப்படும் ரூபே அட்டைக்கு விபத்துக் காப்பீடும் உண்டு. ஆனால் அட்டையைக் குறித்த காலத்திற்குள் பயன்படுத்தி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலிருந்து கட்டணம் பிடித்ததும், மாநில அரசு அதைக் கண்டித்ததும் நினைவிருக்கும். உதவித் தொகை வரும் கணக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் இத்தொல்லை இல்லை. இக்கணக்கை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கும், நான் முதலில் சொன்ன சிறு கணக்கும் ஒன்றல்ல. முழு ஆவணங்களைக் கொடுத்துத் தொடங்கிய அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 50,000 ரூபாய் என்ற வரம்பு கிடையாது. ஆவணம் இல்லாமல் தொடங்கியதே சிறு கணக்கு. உங்கள் கணக்கு எது என்று பாஸ் புத்தகத்தைக் காட்டிக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

உழவர் கடன் அட்டைக் கணக்கு: 1998ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தில், நிலப் பரப்பையும் பயிரையும் கொண்டு கடன் வரம்பு கணக்கிடப்படும். ஒரு பயிருக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று மாவட்டக் குழு நிர்ணயித்திருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டு ஏக்கருக்கு 60,000 ரூபாய். குடும்பச் செலவு, அறுவடைக்குப் பிந்திய செலவு ஆகியவற்றிற்கு 10 சதம், அதாவது 6,000 ரூபாய். பண்ணைக் கருவிகளின் பராமரிப்பிற்கு 20 சதம், அதாவது 12,000 ரூபாய். ஆக முதல் ஆண்டு வரம்பு 78,000 ரூபாய். பயிர்க் காப்பீட்டுப் பிரிமியமும் இதனுடன் சேரும். 2025ஆம் ஆண்டு சனவரி முதல் 2 இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது. குத்தகை உழவரும் இத்திட்டத்தில் சேரலாம்.

3 இலட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதம் குறைந்து 4 சதம் ஆகிறது. நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வரம்பு முழுவதையும் ஒரே நாளில் எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கிறார்கள். இந்தக் கடனில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாள் முதல்தான் வட்டி. 60,000 ரூபாயை நான்கு மாதம் சேமிப்புக் கணக்கில் சும்மா வைத்திருந்தால், 2.5 சத வட்டியில் 500 ரூபாய் கிடைக்கும். அதே தொகைக்குக் கடன் கணக்கில் 4 சதம் என்றாலும் 800 ரூபாய் வட்டி ஏறும். கெடு தவறினால் 1,400 ரூபாய். ஆகவே உழவுக்கு வேண்டும்போது உழவுக்கும், மேலுரத்திற்கு வேண்டும்போது மேலுரத்திற்கும் எடுங்கள். அறுவடைப் பணம் வந்ததும் கடன் கணக்கில் கட்டிவிடுங்கள். வரம்பு உயிரோடு இருக்கும். அடுத்த பட்டத்திற்கு மீண்டும் எடுத்துக் கொள்ளலாம்.

வைப்புக் கணக்குகள்: சேமிப்புக் கணக்கில் இப்போது வட்டி மிகக் குறைவு. கடனைக் கட்டியது போக மீதம் உள்ள பணத்தைச் செலவு வரும் நாளை ஒட்டிப் பிரித்து வையுங்கள். தை, மாசியில் சம்பா பணம் வருகிறது. பள்ளிக் கட்டணம் ஜூன் மாதம். குறுவை விதையும் அதே சமயம். அந்தத் தொகையை மூன்று மாத வைப்பாகவும், அடுத்த பொங்கல் வரை தேவைப்படாத தொகையை ஓராண்டு வைப்பாகவும் போடலாம். ஒரே இரசீதாகப் போடாமல் இரண்டு மூன்று இரசீதுகளாகப் போட்டால், அவசரத்திற்கு ஒன்றை மட்டும் உடைத்துக் கொள்ளலாம். மற்றவற்றின் வட்டி குறையாது. பால் பணம் வாங்கும் தாய்மார்கள் மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் கட்டி வந்தால், ஆண்டு முடிவில் 12,000 ரூபாயும் வட்டியும் ஒன்றாகக் கையில் கிடைக்கும்.

நடப்புக் கணக்கு கடை வைத்திருப்போருக்கு உரியது. அதற்கு வட்டி இல்லை. சாகுபடி மட்டும் செய்வோருக்கு அது தேவையில்லை.

ஆதார் இணைப்பில் கவனம்

பிரதம மந்திரி கிசான் போன்ற உதவித் தொகைகள் இன்று ஆதார் எண்ணைக் கொண்டே அனுப்பப்படுகின்றன. உங்களுக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்து, மூன்றிலும் ஆதார் கொடுத்திருந்தாலும், பணம் ஒரே ஒரு கணக்கிற்குத்தான் போகும். உதவித் தொகைக்கு என்று கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ, அந்தக் கணக்கிற்கே போகும். 'பணம் வரவில்லை' என்று அலைபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கிறது. அவர்கள் மறந்துபோன கணக்கில் வந்திருக்கிறது! அடையாளத்திற்காக ஆதார் நகல் கொடுப்பது வேறு. உதவித் தொகை பெற ஆதாரை இணைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, நீங்கள் விரும்பும் ஒரு கணக்கில் மட்டும் இணையுங்கள்.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்

அறுவடைக்கு முன் களத்தைச் சரி செய்வது போலக் கணக்கையும் சரி பாருங்கள்.

1. பட்டா, ஆதார், பாஸ் புத்தகம் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா? நிலம் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே கணக்கு இருப்பது நலம்.

2. கணக்கு சிறு கணக்கா, முழுமையான கணக்கா?

3. வங்கி வேறொரு வங்கியுடன் இணைந்துள்ளதா? 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியுடனும் இணைந்தன. பழைய பாஸ் புத்தகத்தில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகலாம். புதிய பாஸ் புத்தகம் வாங்கி, அதன் நகலைக் கொடுங்கள்.

4. கணக்கு உயிரோடு உள்ளதா? இரண்டு ஆண்டுகள் நாமாக எதுவும் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். ஆண்டுக்கு இரு முறை நூறு ரூபாயாவது போட்டு எடுத்தால் போதும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் உரியவரோ வாரிசோ வங்கியில் கேட்டுப் பெறலாம். 

5. அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டதா? விவரங்களில் மாற்றம் இல்லை என்றால், மாற்றம் இல்லை என எழுதிக் கொடுத்தாலே போதும்.

6. பயிர்க்கடன் கெடு எந்த நாள்? அதைப் பாஸ் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

வாரிசுதாரர் நியமனம்

தகப்பனார் பெயரில் இருந்த பணத்தைப் பெற முடியாமல், வாரிசுச் சான்றுக்கும் நீதிமன்றத்திற்கும் அலையும் குடும்பங்களைப் பார்க்கிறோம். கணக்குத் தொடங்கும்போதே நியமனதாரர் பெயரைக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும். 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் முதல் வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமித்து, யாருக்கு எத்தனை சதம் என்றும் குறிக்கலாம். நியமனதாரர் பணத்தை வாங்கும் உரிமை பெற்றவரே தவிர, அவரே முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தொடங்கும் கணக்கில் 'இருவரில் எவரேனும், அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் நோயில் படுத்தாலும் மற்றவர் பணம் எடுக்கலாம்.

சேமிப்புக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் 2 இலட்சம் ரூபாய் அளவிற்குக் கிடைக்கின்றன. இவற்றில் சேர்ந்தவர்கள் மே மாதக் கடைசியில் 456 ரூபாய் இருப்பு இருக்குமாறு பார்த்துக் கொள்ள வேண்டும். இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும்.

குறை இருந்தால்

எந்தக் குறையையும் முதலில் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். 30 நாட்களுக்குள் தகுந்த பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கடன் தொடர்பான குறைகளைச் சொல்லலாம். வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லித் தொலைபேசியில் ஓ.டி.பி. எண்ணையோ ஏ.டி.எம். இரகசிய எண்ணையோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எந்த வங்கியும் அவற்றைக் கேட்பதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது இரசீது கேட்டு வாங்குங்கள்.

உழவர் பெருமக்களே! தொடக்கத்தில் சொன்ன அந்த உழவர் இன்று சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் ஒரே வங்கிக்கு மாற்றிக் கொண்டார். பாஸ் புத்தகத்தின் அட்டையில் கெடு நாளைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இழந்த 3,000 ரூபாய் திரும்பி வராது. நீங்கள் அதை இழக்காமல் இருக்க வழி உண்டு. இன்று வீட்டிற்குச் சென்றதும் பெட்டியில் உள்ள பாஸ் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வையுங்கள். எதில் எந்தப் பணம் வருகிறது, எது பயனில்லாமல் கிடக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை இருப்பை எடுத்துக் கொண்டு முடித்துவிடுங்கள், வேண்டியதைச் செம்மைப்படுத்துங்கள். பாடுபட்டு விளைவித்த பணம் உரிய நாளில் உங்கள் கைக்கு வந்து சேரட்டும்.